ஏ.வி.எம். கால்வாயில் ஒரு துண்டையாவது விட்டுவையுங்கள்

போன வருஷம் தங்கை வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, வர்ஜீனியாவில் போட்டோமாக் ஆற்றங்கரையில் இருக்கும் கிரேட் ஃபால்ஸ் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். எல்லாரும் அருவியைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நான் மரங்களுக்கு நடுவே கிடந்த ஒரு பழைய கால்வாயையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

படகு அருவியைத் தாண்ட முடியாது. அதனால் கரையோரம் கால்வாய் வெட்டி, கதவு வைத்த ஐந்து தொட்டிகள் கட்டி, தண்ணீரோடு சேர்த்துப் படகையும் படிப்படியாக இறக்கியிருக்கிறார்கள். மாவும் புகையிலையும் அந்த வழியாக வந்திருக்கிறது. கடைசித் தொட்டிகளுக்காகப் பாறையையே வெடிமருந்து வைத்துப் பிளந்திருக்கிறார்கள். இதைக் கட்டிய கம்பெனி 1785இல் தொடங்கியது. அதற்கு முதல் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன். 1802இல் தொட்டிகள் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1828இல் கம்பெனியும் முடிந்தது. கம்பெனி தொட்டிகளை ஓட்டியது 26 வருஷம்தான்! ஆனாலும் மிஞ்சிய சுவர்களைப் பூங்காவுக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றுகிறார்கள். கல்தச்சர்கள் கொத்திய அடையாளக் குறிகள் இன்னும் தெரிகின்றன. ஒன்றின் மேல் விரல் வைத்துப் பார்த்தேன். எனக்குக் குமரி மாவட்டத்தில் நம்ம ஊர் ஏ.வி.எம். சானல்தான் (கால்வாய்) ஞாபகம் வந்தது.

அனந்தபத்மநாபன், விக்டோரியா மகாராணி, மார்த்தாண்ட வர்மா மூன்று பேரின் பெயரையும் சேர்த்துத்தான் ஏ.வி.எம். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைப்பது திட்டம். 1860இல் வேலை தொடங்கியது. அப்போது திருவிதாங்கூரை ஆண்ட உத்திரம் திருநாள் மகாராஜா அந்த ஆண்டே காலமானார். பூவாறிலிருந்து கடலுக்கு இணையாகத் தேங்காய்ப்பட்டணம், குளச்சல் தாண்டி மண்டைக்காடு வரை வந்த கால்வாய், கன்னியாகுமரியை எட்டவே இல்லை. "மக்களே, வள்ளம் போன தண்ணியாக்கும் அது" என்று பாட்டி சொல்லுவாள். எங்கள் வீட்டில் கதம்பல் (தேங்காய் மட்டை) அழுகப் போட்டதும் அந்தத் தண்ணீரில்தான். இன்றைக்குப் பல இடத்தில் அது சாக்கடை, சில இடத்தில் வெறும் மண்மேடு.

2004 சுனாமியில் கொட்டில்பாடு, குளச்சல் பக்கம் ஓடித் தப்பப் பார்த்த எத்தனையோ பேர் இந்தக் கால்வாயில்தான் சிக்கிப் போனார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் "மூடித் தொலையுங்க" என்றால் அவரிடம் பாரம்பரியம் பேச எனக்கு வாய் வராது. குடியிருப்பு ஓரங்களில் பாலமும் கைப்பிடிச் சுவரும்தான் முதலில் வேண்டும்.

முழுக் கால்வாயையும் மீட்க வேண்டும் என்று கேட்கவில்லை. தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் சில நூறு மீட்டர் போதும். தூர்வாரி, பழைய கரையை அப்படியே விட்டு, சுற்றி ஒரு ஆற்றங்கரைப் பூங்கா. ஒரு வள்ளம். கால்வாய் வந்த கதையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய ஒரு பலகை. சிமெண்ட் டால்பின், கலர் விளக்கு எதுவும் தயவுசெய்து வேண்டாம். அந்தக் கரைதான் அங்கே பார்க்க வேண்டிய பொருள்.

தேங்காய்ப்பட்டணம் முதல் மண்டைக்காடு வரை இருக்கிறவர்கள், உங்கள் பக்கம் பழைய கரை எங்கே மிச்சம் இருக்கிறதோ அதைப் படம் எடுத்து இடத்தோடு போடுங்கள். வள்ளம் போனதைக் கண்ட பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் பாட்டியிடம் நான் கேட்காமல் விட்டது நிறைய.