நான் அப்பவே சொன்னனான்!

போன சனிக்கிழமை ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். வழக்கம்போல மேலே பெரியவர்கள், பேஸ்மென்டில் நாங்கள். மட்டன் றோல்ஸ் முடிந்து கொத்து வருவதற்கு இடைப்பட்ட நேரம். பாட்டுப் போடும் பொறுப்பை என் மச்சான் எடுத்துக்கொண்டான். சொந்த மச்சான் இல்லை, பதினைந்து வருடச் சிநேகிதன். பத்து மணியளவில் டிரேக்கின் 'மாசிவ்' பாட்டைப் போட்டான். பேஸ்மென்ட் அதிர்ந்தது. எல்லோரும் ஆடினார்கள், நானும் ஆடினேன். சரி, நல்ல இரவு என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அவன் மைக்கைப் பிடித்து அறிவித்தான்: "இந்த அல்பம் வந்த அண்டைக்கே நான் சொன்னனான், இது வேற லெவல் எண்டு!"

வாயில் வைத்த றோல்ஸ் தொண்டைக்குள் இறங்க மறுத்தது.

நீயா? நீயா சொன்னாய்?

2022 ஜூன் 17, வெள்ளிக்கிழமை. எனக்கு நாள் நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அன்று முழுவதும் எனக்குத் தலையிடி. சில மணி நேரத்துக்கு முன்னர்தான் அறிவித்துவிட்டு, நள்ளிரவில் 'ஹொனஸ்ட்லி, நெவர்மைண்ட்' என்ற அல்பத்தை இறக்கியிருந்தார் டிரேக். எங்கள் ரொறன்ரோ பெடியன், உலகத்தின் பெரிய ராப் நட்சத்திரம், பெரும்பகுதி ராப் இல்லாத ஓர் அல்பத்தைத் தந்திருக்கிறார். ஹவுஸ், ஜேர்சி கிளப் என்று கிளப்புகளில் ஆடப் போடும் நடன இசை, மேலே அவருடைய மெல்லிய பாடல் குரல். மொத்தம் 14 பாட்டு, 52 நிமிடம். மச்சானும் நானும் ஒரே இடத்தில் வேலை, ஒரே காரில் போவோம். ஸ்காபரோவிலிருந்து மிசிசாகாவுக்கு 401 நெடுஞ்சாலையில் காலை நெரிசலில் எப்படியும் ஒரு மணி நேரம். அல்பத்தை முழுதாகக் கேட்டு முடித்து, கோப்பி வாங்கவும் நேரம் மிஞ்சும்.

கேட்டோமா? எங்கே கேட்டோம்! முன்னுரை மாதிரி ஒரு சின்ன இசைத்துண்டு போனது. இரண்டாவது பாட்டில் 'தும் தும் தும் தும்' என்று ஹவுஸ் தாளம் தொடங்கி நாற்பது விநாடி ஆகியிருக்காது. "உதென்ன மச்சான், சேர்ட் வாங்கப் போற கடையில போடுற பாட்டு மாதிரிக் கிடக்கு?" கையில் போன். அடுத்த பாட்டு. இருபது விநாடி. அடுத்தது. பத்து விநாடி. அடுத்தது. எட்டு நிமிடத்துக்குள் பதின்மூன்று பாட்டையும் முகர்ந்து பார்த்துவிட்டுக் கடைசிப் பாட்டுக்கு வந்து சேர்ந்தான். அதில் 21 சாவேஜ் என்ற ராப்பர் இருக்கிறார், ட்ராப் என்கிற வழக்கமான ராப் பீட், வழக்கமான அதட்டல். "இஞ்ச பார், இதுதான் பாட்டு!" மிசிசாகா போய்ச் சேரும்வரை அந்த ஒரே பாட்டு. ஐந்து தடவையா ஆறு தடவையா என்று எண்ணவில்லை. முதல் இடைவேளைக்குள் எங்கள் வாட்ஸப் குழுவில் தீர்ப்பும் எழுதிவிட்டான்: "மனுசன் முடிஞ்சான்."

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. கலியாணச் சாப்பாட்டில் சோற்றை மட்டும் நசுக்கிப் பார்த்துவிட்டுக் கத்தரிக்காய்ப் பால்கறி சரியில்லை என்று சொன்னால் சமையல்காரன் அகப்பையால் அடிப்பான்.

அவன் ஒருவன் என்றால் விட்டுவிடலாம். குழு முழுக்க அதே கதை. "குப்பை." "நித்திரை வருது." "ஜிம்முக்கு உதவாது." ஒருவன், "என்ர காசைத் திருப்பித் தாடா டிரேக்" என்று எழுதினான். அவன் இன்றுவரை என்னுடைய ஸ்பொட்டிஃபை குடும்பக் கணக்கில்தான் ஓசியில் பாட்டுக் கேட்கிறான்! எந்தக் காசு ராசா? யாருடைய காசு?

இவர்கள் எல்லோரும் ஒரே மூச்சில் சொன்ன ஒரு வசனம்தான் எனக்குக் கொதிப்பைக் கிளப்பியது. "இது ராப்பே இல்லை." முதலாவது, அது பொய். அல்பத்தின் நடுவில் 'ஸ்டிக்கி' என்று ஒரு பாட்டு, முழுக்க ராப். பத்து விநாடியில் தாண்டினால் அது எங்கே காதில் விழும்? இரண்டாவது, கலப்படம் இல்லாத சுத்தமான ராப் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று கொஞ்சம் சொல்லுங்கள், நானும் போய் வாங்குகிறேன். ராப்பின் தாய்வீடான ஹிப்-ஹொப் பிறந்த கதையாக எல்லோரும் சொல்வது, 1973 ஓகஸ்ட் 11 அன்று நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் நடந்த கொண்டாட்டத்தை. டிஜே கூல் ஹேர்க் என்ற யமேக்காவில் பிறந்த பெடியன், ஃபங்க் என்ற ஆட்ட இசையின் தட்டுகளில் தாளம் மட்டும் தனியாக வரும் துண்டுகளைப் பிடித்து நீட்டி நீட்டிப் போட்டான். ஊரில் பார்த்த பெரிய ஸ்பீக்கர் வித்தையை அமெரிக்காவில் காட்டினான். அதுவே கலப்புத்தானே? 1982இல் ஆபிரிக்கா பம்பாட்டா என்ற பிரொங்ஸ் டிஜே ஜெர்மன்காரர்களான கிராஃப்ட்வேர்க்கின் இயந்திர இசையை எடுத்து ராப்புக்கு அடியில் போட்டார். 1986இல் ரன்-டிஎம்சி என்ற ராப் குழு ஏரோஸ்மித் என்ற றொக் குழுவோடு சேர்ந்து றொக் கிட்டாரைக் கொண்டுவந்தார்கள். 1988இல் ஜங்கிள் பிரதர்ஸ் என்ற ராப் குழு ஹவுஸ் தாளத்துக்கு மேலேயே ராப் பண்ணினார்கள். டிரேக்குக்கு அப்போது இரண்டு வயதளவில்தான். ஹவுஸும் ராப்பும் 2022இல் திடீரென்று சந்தித்துக்கொண்ட மாதிரி வாயைப் பிளந்தால் நான் என்ன செய்ய?

அந்த முதல் கொண்டாட்டம் எதற்காக நடந்தது தெரியுமா? ஹேர்க்கின் தங்கச்சி பள்ளிக்கூடம் தொடங்குவதற்குப் புது உடுப்பு வாங்கக் காசு சேர்த்தார். துணிக்கடைப் பாட்டு என்று நக்கல் அடிக்கிறவர்கள் இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நக்கலுக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் மிகவும் கசந்தது. அந்த வாரம் இணையம் முழுக்க அதே பகிடி. ஆயிரம் பேர் ஆயிரம் தடவை சொன்ன பகிடியைத் தானே கண்டுபிடித்த மாதிரி ஒவ்வொருவரும் வந்து சொன்னார்கள். அந்த இசை துணிக்கடைக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் அக்கறை இல்லை. ஹவுஸ் பிறந்தது சிக்காகோவில். வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் பிராங்கி நக்கிள்ஸ் என்ற டிஜே. ஆட வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பினர், வெளியே வேறெங்கும் நிம்மதியாக ஆட முடியாதவர்கள். அதே நகரத்தில்தான் 1979 ஜூலை 12 அன்று ஒரு பேஸ்போல் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துக் கொளுத்தினார்கள். சனம் மைதானத்துக்குள் பாய்ந்து, இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. டிஸ்கோவைக் கொளுத்திய ஊரில் அதன் சாம்பலிலிருந்து வந்த இசை இது. நாற்பது வருடம் கழித்து, அந்த மக்களுடைய பேரப்பிள்ளைகள் வயதில் இருக்கிறவர்கள்கூட "உது வெள்ளைக்காரன் கடைப் பாட்டு" என்று சிரிக்கிறார்கள். கடைக்காரன் இரவல் வாங்கியதைக் கடைக்காரனின் சொத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டோம்.

இன்னும் கேளுங்கள். டிரேக்கின் அல்பம் வந்து நாலு நாள்கூட ஆகவில்லை, அமெரிக்கப் பாடகி பியோன்சே 'பிரேக் மை சோல்' பாட்டை வெளியிட்டார். அதுவும் ஹவுஸ். ஜூலை கடைசியில் 'ரெனசான்ஸ்' முழு அல்பமும் வந்தது. உடனே எங்கள் குழுவில் "ஆகா, கறுப்பின நடன இசையின் வரலாறு, என்ன ஒரு மரியாதை" என்று பந்தி பந்தியாகப் புகழ்ச்சி. எழுதியது யார்? "ஜிம்முக்கு உதவாது" ஆசாமி! பியோன்சேயின் அல்பம் இதைவிடப் பல மடங்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஜூன் மாதம் கடைப் பாட்டாக இருந்த தாளம் ஜூலையில் எப்படி வரலாறாக மாறியது என்று கேட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் விழவில்லை.

டிரேக் இப்படித் திடீரென்று கட்சி மாறினார் என்றும் சொல்ல முடியாது. 2016இல் 'வன் டான்ஸ்', ஆபிரிக்கத் தாளமும் லண்டன் கிளப் இசையும் கலந்தது, அமெரிக்காவில் பத்து வாரம் முதலிடம். அடுத்த வருடம் வந்த தொகுப்பிலேயே தென்னாபிரிக்க ஹவுஸ் டிஜே பிளாக் கொஃபியோடு ஒரு பாட்டு இருந்தது. அதே பிளாக் கொஃபிதான் இந்த அல்பத்தின் தலைமைத் தயாரிப்பாளர்களில் ஒருவர். வழியெல்லாம் பலகை நட்டு வைத்திருந்தார் மனிதர். இதில் உச்சம் என்னவென்றால், என் மச்சானின் கலியாண வரவேற்பில் அவனும் அவன் மனைவியும் ஆடிய முதல் பாட்டே 'வன் டான்ஸ்'. நான்தான் படம் பிடித்தேன். அன்று அது கடைப் பாட்டாகத் தெரியவில்லையோ?

நானும் பெரிய உத்தமன் இல்லை. 2008 நவம்பரில் ராப்பர் கன்யே வெஸ்ட் '808ஸ் அன்ட் ஹார்ட்பிரேக்' அல்பத்தை வெளியிட்டபோது இதே வேலையைத்தான் பார்த்தேன். தாயை இழந்து ஒரு வருடம், கலியாணப் பேச்சும் முறிந்திருந்தது, அந்த மனிதர் ராப்பைத் தள்ளி வைத்துவிட்டு ஓட்டோட்யூன் என்று இயந்திரத்தால் சுருதி திருத்திய குரலில் அழுதார். நான் இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டு "ரோபோ அழுது" என்று சொல்லி ஐபொட்டிலிருந்து அழித்தேன். மூன்று மாதம் கழித்து டிரேக் என்ற, அப்போது தொலைக்காட்சி நடிகராக மட்டும் எங்களுக்குத் தெரிந்த ரொறன்ரோ பெடியன் 'சோ ஃபார் கோன்' என்று ஒரு மிக்ஸ்டேப், அதாவது இலவசப் பாட்டுத் தொகுப்பு, விட்டான். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன். அதில் ஒரு பாட்டின் பீட் நான் அழித்த அந்த அல்பத்திலிருந்து அப்படியே எடுத்தது என்று பிறகுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் ஒன்று, "நான் அப்பவே சொன்னனான்" என்று மைக் பிடிக்கவில்லை. அந்த அளவு சூடு சொரணை எனக்கு இருக்கிறது.

பிடிக்கவில்லை என்று சொல்வதில் எனக்குப் பிரச்சினையே இல்லை. எனக்கே அந்த அல்பத்தின் பின்பாதி இழுவை. 'மாசிவ்' முடிந்த பிறகு ஐந்தாறு பாட்டு ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகிறது, எது எங்கே முடிந்தது என்று தெரியாது. வரிகளும் அரைத்த மாதான்: அவள் விட்டுப் போனாள், இவள் போனை எடுக்கவில்லை, நான் பணக்காரன், ஆனாலும் தனியாள். நாற்பதை எட்டும் ஆளுக்கு இந்தப் புலம்பல் எத்தனை நாளைக்கு? விமர்சனம் வந்தபோது "விளங்காவிட்டால் பரவாயில்லை, நீங்கள் வந்து சேரும்வரை நாங்கள் காத்திருப்போம்" என்கிற மாதிரி அவர் விட்ட திமிர்ப் பேச்சும் எரிச்சல்தான். இதையெல்லாம் சொல்லலாம். சண்டை பிடிக்கலாம். ஆனால் சொல்ல முதல் கேட்க வேண்டும் அல்லவா?

என் அக்காவின் மகன் கேட்டான். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. மூன்று நாள் ஹெட்போனும் கையுமாக இருந்துவிட்டு வந்து, "மாமா, 'கரன்ட்ஸ்' பாட்டில கட்டில் கிரீச்சிடுற சத்தம் ஒண்டு வருது, கேட்டனீங்களோ? அது நியூ ஜேர்சி கிளப்காரரின்ர அடையாளம்" என்றான். எனக்குத் தெரியாது. நூவார்க் நகர டிஜேக்கள், அவர்கள் பாஸ் தாளத்தை வெட்டும் விதம், எல்லாம் அவன்தான் போட்டுக் காட்டினான். பிறகு அவனே, "எண்டாலும் மாமா, இவர் அதைக் கொஞ்சம் மேலாலதான் தொட்டிருக்கிறார், அங்கத்தையான் ஆக்கள் செய்றது இன்னும் வெறித்தனம்" என்றான். அது விமர்சனம். பதினாறு வயதுப் பெடியன் மூன்று நாளில் செய்த வேலையை, நாற்பது வயதுத் தடியன்கள் எட்டு நிமிடத்தில் செய்து முடித்தார்கள்.

அந்த வருடம் நவம்பரில் டிரேக்கும் 21 சாவேஜும் சேர்ந்து முழு ராப் அல்பம் விட்டார்கள். "பாத்தியா, நாங்கள் பேசினதால திரும்பி வந்திட்டான்" என்று குழுவில் பட்டாசு. இவர்கள் பேசியது டிரேக்குக்குக் கேட்டதாம்!

சரி, பேஸ்மென்டுக்கு வருகிறேன். மைக்கோடு நின்றவனிடம் நேரே போனேன். வாட்ஸப் குழுவில் 2022 ஜூன் 17ஐத் தேடி எடுத்து, "மனுசன் முடிஞ்சான்" என்ற அவனுடைய மெசேஜை, காலை 9.42 என்ற நேரத்தோடு, அவன் கண்ணுக்கு முன்னால் நீட்டினேன். வாசித்தான். தலையைச் சொறிந்தான். கொத்துத் தட்டோடு நின்ற நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"அது மச்சான், அண்டைக்கு உன்ர கார் ஸ்பீக்கர் சரியில்லை."

சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவினான். 'மாசிவ்' முடிய இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.