கிறிஸ்துமஸ் இல்லாத வீட்டுப் பிள்ளைகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில், சின்னப் பையன் மைக்கேல் ஜாக்சனும் அவனுடைய நான்கு அண்ணன்களும் சேர்ந்து பாடிய ஜாக்சன் ஃபைவ் குழுவின் கிறிஸ்துமஸ் ஆல்பம் ஓட ஆரம்பித்துவிடும். போன வாரம் வந்திருந்த நண்பர் ஒருவர் இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, "பாவம்யா இந்தப் பசங்க, காசுக்காகப் பாட வெச்சிருக்காங்க" என்றார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் "பாவம்" மனதை விட்டுப் போகவில்லை.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. 1970-இல் மட்டும் இந்தச் சகோதரர்களின் நான்கு பாடல்கள் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தன. சூடு ஆறுவதற்குள் காசு பார்க்க வேண்டும் என்று மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனி அந்த ஒரே வருடத்தில் மூன்று ஆல்பங்களைக் கடைக்கு அனுப்பியது. அக்டோபரில் வந்த மூன்றாவதுதான் இது. அப்போது மைக்கேலுக்குப் பன்னிரண்டு வயது. மார்லனுக்குப் பதின்மூன்று, ஜெர்மைனுக்குப் பதினைந்து.

இன்னொன்றும் உண்டு. அவர்களின் அம்மா கேத்தரின் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர். அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது, பிறந்தநாளும் கிடையாது. இந்தியானா மாநிலத்தின் கேரி நகரில் இரண்டே படுக்கையறை கொண்ட வீடு, ஒன்பது பிள்ளைகள். அப்பா ஜோ எஃகு ஆலையில் கிரேன் ஓட்டியவர். பிள்ளைகள் ஒத்திகை பார்க்கும்போது அவர் கையில் பெல்ட்டோடு உட்கார்ந்திருப்பார் என்று மைக்கேலே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் தெரிந்த பிறகு ஆல்பத்தின் கடைசிப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். அம்மா சாண்டா கிளாஸுக்கு முத்தம் கொடுத்ததை ஒளிந்திருந்து பார்த்துவிட்ட பையனின் பாட்டு அது. பாட்டு முடிகிற நேரத்தில் மைக்கேல் பாடுவதை விட்டுவிட்டுப் பேச ஆரம்பிக்கிறான். நான் பார்த்தேன், நிஜமாகவே பார்த்தேன் என்று அடித்துச் சொல்கிறான். அப்பாவிடம் சொல்லப் போகிறேன் என்கிறான். அந்தக் குரலில் பொய் துளிகூடத் தெரியாது. சாண்டா வராத வீட்டுப் பையன், கையில் பெல்ட் வைத்திருந்த அப்பாவின் மகன், ஓடிப்போய் அப்பாவிடம் கோள் சொல்லும் செல்லப்பிள்ளையாக அந்தச் சில நொடிகள் மாறிவிடுகிறான். எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும். அதே நேரத்தில், என்ன ஒரு கலைஞன்டா இவன் என்றும் தோன்றும்.

அதற்கு முந்தைய பாட்டும் அப்படித்தான். 1966-இல் பாடகர் ஸ்டீவி வொண்டர் பாடியது. அப்போது அவருக்கே பதினாறு வயதுதான். ஆண்கள் குண்டுகளைப் பொம்மையாக வைத்து விளையாடாத ஒரு கிறிஸ்துமஸ் என்றாவது வரும் என்கிற பாட்டு. ஜாக்சன் சகோதரர்கள் பாடியபோதும் வியட்நாமில் போர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வரியைப் பெரியவர் பாடினால் அறிவுரை மாதிரி இருக்கும். சின்னப் பையன் பாடும்போது நம் முகத்தைப் பார்த்துக் கேட்கிற மாதிரி இருக்கிறது.

பதினோரு பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். பனிமனிதன் பாட்டும் சிவப்பு மூக்கு மான் பாட்டும் கலகலப்பாக ஓடும், அவ்வளவுதான். ஆனால் சாண்டா ஊருக்கு வருகிறார் என்ற பழைய பாட்டை இவர்கள் பாடிய வேகம் இருக்கிறதே, அப்பப்பா! அதற்கப்புறம் யார் பாடிக் கேட்டாலும் எனக்குச் சப்பென்றுதான் இருக்கிறது.

அவர்களின் குழந்தைப் பருவம் பறிபோனது அநியாயம்தான். ஸ்டுடியோவுக்கு எதிரே பூங்காவில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டு அழுததாக மைக்கேல் சொல்லியிருக்கிறார். அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படலாம். ஆனால் "பாவம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், பறித்தவர்களின் கணக்கில்தான் இந்த ஆல்பத்தையும் எழுதி வைக்கிறோம். பாடியவர்கள் அந்தப் பிள்ளைகள். மூச்சு அவர்களுடையது, உழைப்பு அவர்களுடையது. தங்களுக்குக் கிடைக்காத ஒரு பண்டிகையை அத்தனை வீடுகளுக்கும் அள்ளிக் கொடுத்த திறமையும் அவர்களுடையதுதான்.

மைக்கேல் 2009-இல் போனார். அண்ணன்களில் ஒருவரான டிட்டோ 2024-இல். நண்பரிடம் அந்தக் கடைசிப் பாட்டை மட்டும் இன்னொரு தடவை, முடியும் வரை கேட்கச் சொல்லியிருக்கிறேன்.