'கெட் பிஸி' திருட்டுப் பாட்டா? இல்லை

"ஷான் பாலின் 'கெட் பிஸி' வெய்ன் வொண்டரிடமிருந்து திருடியது, ஆதாரம் இதோ" என்று, ஜமைக்கப் பாடகர்களான இந்த இருவரின் 'கெட் பிஸி', 'நோ லெட்டிங் கோ' பாட்டுகளையும் ஒட்டிய வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பின்னணி இசை ஒன்றாக இருப்பது உண்மை. திருட்டு என்பது பொய்.

ஜமைக்காவின் டான்ஸ்ஹால் இசையில் ஒரு தயாரிப்பாளர் தாளமும் பேஸும் (அடித்தொனி இசை) சேர்ந்த பின்னணியை உருவாக்குவார். அதற்கு ரிடிம் என்று பெயர். அதன்மேல் பல பாடகர்கள் அவரவர் வரிகளையும் மெட்டையும் பாடுவார்கள். அங்கே பல காலமாக இதுதான் வழக்கம். 1985-இல் வந்த 'ஸ்லெங் டெங்' ரிடிமில் எத்தனை பேர் பாடினார்கள் என்று எண்ணி மாளாது.

இங்கே பேசப்படுவது 'திவாலி' ரிடிம். செய்தவர் ஸ்டீவன் 'லென்கி' மார்ஸ்டன். அந்த அடுக்கடுக்கான கைதட்டல் அவருடையது. ஒருமுறை கேட்டால் மண்டையை விட்டுப் போகாது. 2002-இல் கிரீன்ஸ்லீவ்ஸ் நிறுவனம் இந்த ஒரே ரிடிமுக்கு ஒரு தொகுப்பே வெளியிட்டது. எலிஃபன்ட் மேன், பவுன்டி கில்லர் போன்ற பாடகர்கள் எல்லாரும் அதில் உண்டு. அப்புறம் நியூயார்க் பாடகி லூமிடியும் இதே பின்னணியில் பாடி ஹிட் கொடுத்தார். வீடியோக்காரர் அவரை எப்படி விட்டார் என்று தெரியவில்லை!

சந்தேகம் இருந்தால் 'கெட் பிஸி', 'நோ லெட்டிங் கோ' இரண்டின் பாடலாசிரியர் விவரத்தையும் ஸ்ட்ரீமிங் செயலியில் பாருங்கள். பாடகரோடு மார்ஸ்டன் பெயரும் இரண்டிலும் இருக்கும்.

அந்த வீடியோ வந்தால் தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டிருந்தால் அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.