மின்கலம் தீர்ந்த கேட்ரிட்ஜ்

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் சேகா மாஸ்டர் சிஸ்டம் என்ற பழைய வீடியோ விளையாட்டுக் கருவி ஒன்றை வாங்கி, 1987-இல் ஜப்பானில் வெளிவந்த ஃபேன்டசி ஸ்டார் விளையாட்டைக் கற்றுக்கொள்ள மூன்று வாரங்களாகப் போராடுகிறேன். அதன் சுரங்கங்களில் சுவர்களெல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. எங்கே நிற்கிறோம் என்று காட்டும் வரைபடம் திரையில் கிடையாது. ஆகவே கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒவ்வோர் அடியையும் பென்சிலால் குறித்துக்கொண்டே போகிறேன். அப்படியும் கண்ணுக்குத் தெரியாத குழி ஒன்று கீழ்த்தளத்தில் தள்ளிவிட்டால், அதுவரை வரைந்த தாளுக்கும் புதிய தாளுக்கும் தொடர்பே கிடைப்பதில்லை. இதையாவது பொறுத்துக்கொள்வேன், வரைவது எனக்குப் பிடித்த வேலைதான். பொறுக்க முடியாதது விற்றவரின் அலட்சியம். கையேடும் தரவில்லை, சேமித்த ஆட்டத்தைக் காக்கும் மின்கலம் தீர்ந்துவிட்டதென்றும் சொல்லவில்லை. விளையாட்டு அடங்கிய கேட்ரிட்ஜ் பெட்டிக்குள் பற்றவைத்திருக்கும் அந்தச் சிறு வில்லைதான், கருவியை அணைத்த பிறகும் நம் உழைப்பை நினைவில் வைத்திருக்கிறது. அது செத்துக் கிடந்ததால், இத்தனை நாளும் அணைக்காமலே வைத்திருந்த கருவி நேற்று மாலை மின்வெட்டில் அணைந்ததும், நான் பாடுபட்டு வளர்த்த கதாநாயகி அலிஸ், சகோதரனைப் பறிகொடுக்கும் அந்த முதல் காட்சிக்கே திரும்பிவிட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தொடங்கும் முன்பே புது மின்கலத்தைப் பற்றவைத்திருப்பேனே!