"ஒண்ணும் ஆகாதும்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்

போன வாரம் நான் மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கும் அறைக்கு ஒரு அம்மா வந்தார். வயது ஐம்பத்திரண்டு, இடது மார்பில் கட்டி. டாக்டர் மாமோகிராம் எழுதிக் கொடுத்த சீட்டு, மடித்த இடமெல்லாம் கிழிந்து பர்ஸுக்குள் இருந்தது. தேதி நான்கு மாதம் முந்தையது. ஏம்மா இவ்வளவு நாள் வரலை என்று கேட்டேன்.

"கரண்டு வச்சா இல்லாத கேன்சரும் வந்துரும்னு போன்ல வந்துச்சு தாயி. என் நாத்தனாளுக்கு வச்சு தோலெல்லாம் கருத்துப் போச்சுல்ல?"

நம் ஊரில் கதிர் சிகிச்சைக்குப் பேரே கரண்டு வைக்கிறதுதான். அதுவும் கதிர், மாமோகிராமும் கதிர், இரண்டும் அதே மார்புக்கு. அந்த அம்மா இரண்டையும் ஒன்றாக நினைத்ததில் என்ன தப்பு? வித்தியாசத்தை யாரும் சொல்லவில்லை. சிகிச்சையில் புற்று செல்லைக் கொல்ல வேண்டும் என்பதால் மூன்று வாரத்தில் 40 கிரே (திசு வாங்கும் கதிரின் அலகு) அளவுக்குக் கொடுப்பார்கள். மாமோகிராமில் ஒரு மார்புக்கு இரண்டு படம் எடுத்தாலும் சில மில்லிகிரேதான் (கிரேயில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிடம் கிடைக்காமல் நான்கு மாதம் போயிருக்கிறது.

பல வருடமாக இந்த அறையில் படம் எடுக்கிறேன். பயந்து கேட்கிறவர்களிடம் "ஒண்ணும் ஆகாதும்மா" என்று நாங்கள் சொல்லும் பதில் எனக்குப் பிடிப்பதே இல்லை. அது முழு உண்மையும் இல்லை, கேட்டவருக்கு மரியாதையும் இல்லை. கணக்கைச் சொல்லலாமே. இரண்டு மார்புக்கும் சேர்த்து உடம்புக்குச் சேருவது சுமார் 0.4 மில்லிசீவர்ட் (முழு உடம்புக்கான பாதிப்பைக் கணக்கிடும் அலகு). மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒருவருக்கு வருடத்துக்கு உலகச் சராசரியாக 2.4 வருகிறது. அதாவது, சும்மா இருந்தாலே இரண்டு மாதத்தில் சேருகிற அளவு.

ஆபத்து பூஜ்யமா? இல்லை. 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணினி மாதிரி வைத்துக் கணக்குப் போட்டார்கள். 40 முதல் 74 வயது வரை ஒரு லட்சம் பெண்கள் வருடா வருடம் எடுத்துக்கொண்டால், கதிரால் 125 பேருக்குப் புற்று வரலாம், 16 பேர் இறக்கலாம். அதே பரிசோதனையால் தடுக்கப்படும் மரணங்கள் 968. ஐம்பதில் தொடங்கி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் அந்த 125 என்பது 27 ஆகக் குறைகிறது. பெரிய மார்பகம் உள்ளவர்களுக்குக் கூடுதல் படம் தேவைப்படுவதால் கதிரும் கொஞ்சம் கூடும். நான் இதை அப்படியே சொல்கிறேன். கேட்டுவிட்டு எழுந்து போனவர் இதுவரை ஒருவரும் இல்லை.

பயந்து கேட்டவர்களால்தான் இந்த மெஷினே மாறியது. 1970-களில் அமெரிக்காவில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பெரிய அளவில் பரிசோதனை நடந்தபோது, ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதனால் நன்மையைவிடத் தீமை கூடிவிடாதா என்று 1976-இல் ஜான் பெய்லர் என்ற மருத்துவர் எழுதினார். பெரிய சண்டையே ஆனது. மறுவருடமே அந்த வயதினருக்குக் கட்டுப்பாடு வந்தது, கதிர் அளவைக் குறைக்கும் வேலையும் வேகம் பிடித்தது. இப்போது அங்கே ஒரு படத்துக்கு 3 மில்லிகிரே என்று சட்டப்படி வரம்பே இருக்கிறது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜில் இருக்கிறது என்பதற்காக இருபத்தாறு வயதுப் பெண்ணை, கட்டியும் இல்லாமல் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல், என் அறைக்கு அனுப்புகிறார்கள். அந்த வயதில் மார்புத் திசு அடர்த்தி, படம் வெள்ளை வெளேர் என்று வரும், கட்டி இருந்தாலும் தெரியாது. கதிர் பாதிப்பதும் இளம் வயதில்தான் அதிகம். மார்பகப் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணுக் கோளாறு உள்ளவர்கள் முப்பதுக்கு முன் கதிர் பட்டால் அவர்களுக்கு ஆபத்து கூடுகிறது என்று 2012-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று சொன்னது. அப்படிப்பட்டவர்களுக்கு இளவயதில் எக்ஸ்ரே கதிர் இல்லாத எம்ஆர்ஐதான் பார்ப்பார்கள். காசு கட்டியாச்சு, எடுத்துட்டுப் போகட்டும் என்று சொல்லும் நிர்வாகத்திடம் நான் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். "கதிரே இல்லை" என்று, உடம்புச் சூட்டைப் படம் பிடிக்கும் தெர்மோகிராபியை மாமோகிராமுக்குப் பதிலாக விற்பதும் அதே மாதிரி அநியாயம். அது மாமோகிராமுக்கு மாற்று இல்லை.

வருகிறவர்கள் அன்றைக்கு அக்குளில் பவுடர் போடாதீர்கள். புற்றின் அடையாளமாக இருக்கக்கூடிய சுண்ணாம்புப் புள்ளி மாதிரி படத்தில் தெரியும், திரும்ப எடுக்க வேண்டிவரும். பழைய படம் இருந்தால் கொண்டு வாருங்கள். மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்று தைரியமாகக் கேளுங்கள். அழுத்தும்போது வலிக்கும், ஆனால் திசு மெலிந்தால்தான் குறைந்த கதிரில் தெளிவான படம் கிடைக்கும்.

இதையும் சொல்லித்தான் அந்த அம்மாவுக்கு எடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். செவ்வாய்க்கிழமை பயாப்ஸி (கட்டியில் துளி எடுத்துச் சோதிப்பது). ரிப்போர்ட் வந்ததும் என்னைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.