சிரங்கு போன திசை வேறு

"உகாண்டாவின் பிவிண்டி காட்டில் கொரில்லாவிடமிருந்து ஊர்மக்களுக்குச் சிரங்கு பரவியது, அதனால்தான் அங்கே சுகாதாரப் பணி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியே தலைகீழ்.

1996-இல் சிரங்கு வந்தது மலைக் கொரில்லாக்களுக்கு. முடி கொட்டி, தோல் தடித்து ஒரு குட்டி இறந்தது. மற்றவை ஐவர்மெக்டின் மருந்தில் தேறின. ஊர்த் தோட்டத்து வாழைக்கு வந்து பழகிய கூட்டம் அது. அங்கே நின்ற சோளக்கொல்லை பொம்மைகளுக்குப் போட்டிருந்த ஊர்மக்களின் அழுக்குத் துணிமீதுதான் சந்தேகம். அப்போது சிகிச்சையளித்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா, 2003-இல் ஊர்மக்கள் நலத்தையும் கொரில்லா நலத்தையும் சேர்த்துக் கவனிக்கும் அமைப்பைத் தொடங்கினார்.

மனிதருக்கு வரும் சிரங்குக்கு "களிம்பு கொடுத்தால் தீர்ந்தது" என்பதும் சரியல்ல. தொற்றி 4–6 வாரம் வரை அரிப்பே தெரியாமலிருக்கலாம். ஆகவே அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டார் எல்லாரும் ஒரே நாளில் 5% பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, விரலிடுக்கு விடாமல் பூசி, 8–14 மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். (இந்த இரண்டாம் தடவையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.) துணி, போர்வையைச் சுடுநீரில் துவைக்க வேண்டும், முடியாதவற்றைப் பையில் இறுகக் கட்டி மூன்று நாளுக்கு மேல் வைத்தால் போதும், மனித உடலை விட்டுச் சிரங்கை உண்டாக்கும் நுண்பூச்சி அதற்குமேல் தாங்காது.