கேமராவைப் பிடித்தது பெண் என்றால் போதுமா?
மாணவிகள் எடுத்த ஒரு பாடல் வீடியோவைப் பற்றிய கட்டுரைக்கு இது என் பதில். "இயக்கியதும் ஒளிப்பதிவு செய்ததும் மாணவிகள், ஆகவே இந்தப் பாடல் வீடியோவில் ஆண் பார்வைக்கு இடமே இல்லை" என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. பெண்ணை ஆண் ரசிக்கும் பொருளாகக் காட்டுவதைத்தான் 'ஆண் பார்வை' (male gaze) என்கிறோம். திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி, 1975-இல் வெளியான கட்டுரையில் இதைப் பேசியபோது கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் ஆணா பெண்ணா என்று எண்ணிக்கொண்டிருக்கவில்லை. கேமரா பார்ப்பது, பார்வையாளர் பார்ப்பது, படத்துக்குள் பாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்ப்பது என்ற மூன்றும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதுதான் அவர் பேச்சு. நானும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படித்தவள்தான். இறுதியாண்டில் நாலு பெண்கள் சேர்ந்து எடுத்த எங்கள் பாட்டில், நாயகி மொட்டைமாடிக்கு வருகிற முதல் ஷாட்டே கொலுசில் தொடங்கி, புடவைக் கொசுவம், இடுப்பு என்று ஏறி முகத்துக்கு வர ஒன்பது விநாடி. பையன் அறிமுகம்? நேராக முகம், அடுத்த ஷாட்டே அவன் பார்க்கிற கோணம். எடிட் செய்தது நான். யாரும் சொல்லித் தரவில்லை. சின்ன வயதிலிருந்து டிவியில் பார்த்த பாட்டெல்லாம் கைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மேடம் சத்தத்தை நிறுத்திவிட்டு அந்த ஒன்பது விநாடியை மட்டும் இரண்டு தடவை ஓட்டினார், எங்களுக்கு முகம் செத்துப்போயிற்று. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய இன்னொருவர் "பாட்டு வரிக்கு ஏற்ற காட்சி இருந்தாலே குட்வின் கோட்பாடு பொருந்திவிடும்" என்கிறார். இசை வீடியோக்களை ஆராய்ந்த ஆண்ட்ரூ குட்வின், வரியைக் காட்சி அப்படியே காட்டுவதோடு, கூட்டிச் சொல்வதையும், வரிக்குச் சம்பந்தமில்லாமல் போவதையும் சேர்த்தே பேசுகிறார். அந்த மாணவிகளின் வீடியோவில் உண்மையிலேயே புதுசான இடம், பாட்டி ஜன்னல் வழியாகக் கேமராவையே திரும்பி முறைப்பது. கட்டுரை அதைத் தொடவேயில்லை.